வெளிநாட்டில் வணிகம் படித்தால் பின்னாளில் என்ன கிடைக்கும்?

"வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்தால் வேலை நிச்சயம்தானே?" பெங்களூரில் நீலசந்திரா, ஆஸ்டின் டவுன், வண்ணாரப்பேட்டை, ஈஜிபுரா பக்கம் பி.காம். அல்லது பி.பி.ஏ. முடிக்கப்போகும் பிள்ளை இருக்கிற வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான். நிச்சயம் என்று அடித்துச் சொல்பவர் பெரும்பாலும் கமிஷனுக்காகப் பேசுகிறார். எல்லாம் வீண் என்பவர் தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்க்காமல் பேசுகிறார். இந்த அத்தியாயத்தின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்து, எந்தத் துறையில் மேலே போகவேண்டும் என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கு அந்தப் படிப்பு போட்ட பணத்தையும் காலத்தையும் நன்றாகவே திருப்பித் தரும். டிகிரி வாங்கிய கையோடு, எந்த ஊரில் சீட் கிடைக்கிறதோ அந்த ஊருக்கு விமானம் ஏறுகிறவருக்கு மிஞ்சுவது பல நேரம் கடன்தான்.

இதைப் பெங்களூரில் இருந்துகொண்டு சொல்வதற்குக் காரணம் உண்டு. மற்ற ஊர்ப் பிள்ளைகள் வெளிநாட்டு நிறுவனம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விமானம் ஏறவேண்டும். நீலசந்திராவில் இருப்பவர் பஸ் ஏறினால் போதும். பக்கத்து ஆடுகோடியில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1950களிலிருந்து இருக்கிறது. நம் தாத்தாக்கள் அதை 'மைக்கோ' என்றுதான் சொல்வார்கள். விவேக்நகர், ஈஜிபுரா தாண்டினால் கோரமங்கலா. ஃபிளிப்கார்ட் 2007இல் தொடங்கியது அங்கேதான். அதையும் தாண்டி வெளிவட்டச் சாலை, எலெக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு, மான்யதா என்று போனால் டெஸ்கோ, டார்கெட், கோல்ட்மேன் சாக்ஸ் போன்றவற்றின் பெரிய அலுவலகங்கள். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் கணக்கு, தணிக்கை, கொள்முதல், தரவுப் பகுப்பாய்வு வேலைகளைச் செய்ய இங்கே நடத்தும் இந்த மையங்களை ஜி.சி.சி. என்கிறார்கள். இந்தியாவில் 1,700க்கும் மேல் இருக்கின்றன. அவை மிக அதிகமாக இருக்கும் ஊர் பெங்களூர். கர்நாடக அரசு 2024இல் இவற்றுக்கென்றே தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஆகவே நம் பிள்ளை லண்டனில் படித்துவிட்டு லண்டனிலேயே இருந்தாலும் சரி, திரும்பி வந்தாலும் சரி, அந்தப் படிப்பைச் சோதித்துப் பார்க்கும் சந்தை வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. இந்தச் சாதகத்தை முதலில் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பெரிய பெயர்களின் முன்கதை

இந்திரா நூயியின் கதையை எல்லோரும் சொல்கிறார்கள்: சென்னைப் பெண், யேல் பல்கலைக்கழகம், பெப்சிகோவின் தலைமைப் பதவி. நடுவில் இருக்கும் ஆண்டுகளைத்தான் விட்டுவிடுகிறார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பட்டத்துக்குப் பிறகு அவர் கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் மேலாண்மை படித்தார். மேட்டூர் பியர்ட்செல் என்ற துணி நிறுவனத்தில் வேலை பார்த்தார். பம்பாயில் ஜான்சன் அண்ட் ஜான்சனில் சேர்ந்து 'ஸ்டேஃப்ரீ' நாப்கினை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவரும் பொறுப்பில் இருந்தார். மாதவிலக்கைப் பற்றி வாய்திறந்து பேசாத காலத்தில் அதை விற்கும் வேலை. இதையெல்லாம் செய்துவிட்டுத்தான் 1978இல் யேலுக்குப் போனார். 1980இல் பட்டம் பெற்றார். பிறகு பாஸ்டன் கன்சல்டிங் குரூப், மோட்டோரோலா, ஏ.பி.பி., 1994இல் பெப்சிகோ, 2006இல் அதன் தலைமை. யேலில் அவர் வகுப்பில் உட்கார்ந்தபோது பேசுவதற்குச் சொந்த அனுபவம் இருந்தது. மேலாண்மைப் படிப்பில் பாதிப் பாடம் மாணவர்களின் அனுபவத்தை வைத்தே நடக்கிறது; அனுபவம் இல்லாதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவேண்டியதுதான்.

அதே யேல் நாட்களில் செலவுக்காக விடுதி வரவேற்பு மேசையில் இரவு வேலை பார்த்தார். ஒரு நேர்காணலுக்குப் பொருந்தாத கோட்டும் பேன்ட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு போய் மனம் நொந்தார். பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு ஆலோசகர், உனக்கு இயல்பாக இருக்கும் உடையில் போ என்று சொல்ல, அடுத்த நேர்காணலுக்குப் புடவையில் போனார். பூஸ் ஆலன் நிறுவனத்தில் கோடைப் பயிற்சி கிடைத்தது. இந்தச் சம்பவத்தில் எல்லோரும் புடவையைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது அந்த ஆலோசகரை. மாணவரோடு உட்கார்ந்து பேசி, தோல்வியைப் பிரித்துப் பார்த்து, அடுத்த கதவைக் காட்டும் வேலைவாய்ப்பு அலுவலகம் ஒரு கல்லூரியில் இருக்கிறதா என்பது தரவரிசை எண்ணைவிட முக்கியம்.

சுந்தர் பிச்சை கதையும் இதே வரிசைதான். கரக்பூர் ஐ.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டில் பொருளறிவியல், அப்ளைடு மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில் பொறியாளர் வேலை, அதன்பின் 2002இல் வார்ட்டன் எம்.பி.ஏ., மெக்கின்சி, 2004இல் கூகுள். பொறியாளராக இருந்தவரைத் தயாரிப்பு மேலாளர் நாற்காலிக்குக் கொண்டுபோன பாலம் அந்த எம்.பி.ஏ. பாலத்துக்கு இந்தப் பக்கமும் நிலம் வேண்டும்.

வீட்டுத் தொழில் உள்ளவர்களின் நிலை வேறு. டி.வி.எஸ். மோட்டாரின் வேணு சீனிவாசன் கிண்டிப் பொறியியல் கல்லூரிக்குப் பிறகு அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் மேலாண்மை படித்துத் திரும்பினார். நம் ஓசூர் ரோட்டிலேயே நேராகப் போனால் அவருடைய தொழிற்சாலை. டி.வி.எஸ். மோட்டார் 2002இல் ஜப்பானின் டெமிங் தரப் பரிசு வாங்கியது. டாஃபே டிராக்டர் நிறுவனத்தின் மல்லிகா சீனிவாசன் வார்ட்டனில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு 1986இல் குடும்ப நிறுவனத்தில் சேர்ந்தார். இவர்களுக்கு வேலை தேடும் கவலை இல்லை; கற்றதை மறுநாளே செய்து பார்க்க ஆலை இருந்தது. நீலசந்திராவில் தோல் பொருள், துணி, ஹார்டுவேர், கேட்டரிங் என்று தலைமுறையாகத் தொழில் செய்கிற குடும்பத்துப் பிள்ளைக்கும் இது பொருந்தும், அளவு சிறியதாக. அப்படிப்பட்டவர் விலை உயர்ந்த பொது எம்.பி.ஏ.வைவிட ஏற்றுமதி, சரக்கு விநியோகம், சில்லறை வணிகம் என்று தன் தொழிலுக்கு நேராக உதவும் ஓராண்டுப் படிப்பைத் தேடுவது மேல்.

நமக்கு மிகப் பக்கத்தில் நடந்த கதை ஒன்றும் இருக்கிறது. கிரண் மஜும்தார் படித்தது வணிகம்கூட இல்லை. ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் மதுவடிப்புத் தொழில்நுட்பம். 1970களின் நடுவில் பட்டத்தோடு திரும்பியவருக்கு இந்திய மதுவடிப்பாலைகளில் பெண் என்பதால் வேலை கிடைக்கவில்லை. அயர்லாந்தில் நொதிகள் தயாரிக்கும் நிறுவனம் நடத்திய ஒருவர் இந்தியாவில் கூட்டாளி தேடினார். மதுவடிப்பில் நொதிகளைப் பற்றிக் கற்றிருந்த இவர் 1978இல் கோரமங்கலாவில் ஒரு வாடகை வீட்டு கேரேஜில் 10,000 ரூபாய் முதலீட்டில் பயோகானைத் தொடங்கினார். படித்த வேலை கிடைக்காமல் போனாலும், படித்த விஷயமும் கடல் தாண்டிய தொடர்பும் சேர்ந்து வேறு கதவைத் திறந்தன. இதை வைத்து எல்லோரும் கேரேஜில் கம்பெனி தொடங்கலாம் என்று சொல்ல வரவில்லை. எந்தப் படிப்பை எடுத்தாலும் அதற்குள் கையில் நிற்கும் ஒரு தொழில்திறன் இருக்கவேண்டும் என்றே சொல்கிறேன்.

அப்படியானால் எது உதவுகிறது?

முதலில் ஆட்கள். 1973இல் வெளிவந்த ஆய்வுக்காக மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரில் வேலை மாறியவர்களிடம், யார் மூலம் இந்த வேலையைக் கேள்விப்பட்டீர்கள் என்று விசாரித்தார். அறிமுகத்தின் வழியாக வேலை பெற்றவர்களில் பெரும்பாலோர் காட்டியது நெருங்கிய நண்பரையோ உறவினரையோ அல்ல. எப்போதாவது பார்க்கிற, அரைகுறையாகத் தெரிந்த ஒருவரை. காரணம் எளிது. நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் நாம் போகாத இடத்துச் செய்தியைக் கொண்டுவருகிறது. நீலசந்திராவில் மாமா, சித்தப்பா, மசூதி, சர்ச், கோயில் கமிட்டி என்று நெருக்கம் நிறைய உண்டு. ஆனால் சிங்கப்பூர் வங்கியின் இடர் மேலாண்மைப் பிரிவில் ஆள் எடுக்கிற செய்தி அந்த வட்டத்துக்குள் வருவதில்லை. வெளிநாட்டு வகுப்பில் கூட உட்காரும் நைஜீரியாக்காரர், வியட்நாம்காரி, பிரேசில்காரர் ஆகியோர் பத்தாண்டு கழித்துப் பத்து நிறுவனங்களில் இருப்பார்கள். இந்தப் பலனை நம் பிள்ளைகள் பலர் கோட்டை விடுகிறார்கள். போன ஊரில் நான்கு இந்தியரோடு வீடு எடுத்து, அவர்களோடே சமைத்து, அவர்களோடே புராஜெக்ட் செய்து, அவர்களோடே திரும்பி வருகிறார்கள். சாம்பார் அவர்களோடு சாப்பிடுங்கள். புராஜெக்ட் மற்றவர்களோடு செய்யுங்கள்.

அடுத்தது, செய்துகாட்டிய வேலை. இதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். இரண்டு ரெஸ்யூமேக்கள் ஒரு ஜி.சி.சி. மேலாளரின் மேசைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் இங்கிலாந்தில் பன்னாட்டு வணிகத்தில் எம்.எஸ்சி. ஒன்றில் பாடங்களின் பெயர்கள் ஒரு பத்தி, "குழுவாகச் செயல்படும் திறன்" ஒரு வரி, பகுதிநேரமாக சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டது ஒரு வரி. மற்றதில், ஆய்வுக்கட்டுரைக்காக அந்த ஊர் மருந்து விநியோக நிறுவனம் ஒன்றின் கிடங்கில் மூன்று மாதம் இருந்தது, காலாவதி ஆகப்போகும் சரக்கை முன்கூட்டியே காட்டும் அட்டவணை செய்து கொடுத்தது, நிறுவனம் அதை எந்தெந்தக் கிளைகளில் பயன்படுத்தியது என்ற மூன்று வரி. நேர்காணலில் முதலாமவரிடம் பாடத்தைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டாமவரிடம், கிடங்கு மேலாளர் ஒத்துழைக்க மறுத்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். இரண்டாவது உரையாடல் ஏற்கெனவே சக ஊழியரோடு பேசுகிற உரையாடல்.

சூப்பர் மார்க்கெட் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. வாடகை கட்ட அது வேண்டும். அதையும்கூடக் கவனத்தோடு செய்யலாம். எந்த நாளில் எந்தச் சரக்கு வீணாகிறது, ஷிப்ட் எப்படிப் போடுகிறார்கள் என்று குறித்து வைத்தவருக்கு அதே வேலை சில்லறை வணிகத்தின் பாடமாக மாறும். முடிந்தால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நிதி அலுவலகம், நூலகம், பேராசிரியருக்குத் தரவு திரட்டுதல் போன்ற வேலைகளை முதல் வாரத்திலேயே கேளுங்கள். இரண்டாம் மாதம் கேட்டால் இடம் நிரம்பியிருக்கும்.

மூன்றாவது, பட்டத்தின் பெயர். சில இடங்களில் இது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. சிங்கப்பூர் 2023 செப்டம்பர் முதல் வெளிநாட்டு அலுவலருக்கு வேலை அனுமதி கொடுக்கப் புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறது. தேற 40 புள்ளி வேண்டும். அரசின் முன்னணிப் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகப் பட்டத்துக்கு 20 புள்ளி, மற்ற பட்டங்களுக்கு 10. பெங்களூர் நிறுவனங்களிலும் ஆயிரம் விண்ணப்பங்களை வடிகட்டும்போது தெரிந்த பெயருக்கு முதல் பார்வை கிடைக்கும். ஆனால் பெயர் தெரியாத பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு, வெளிநாடு என்பதற்காக மட்டும் இங்கே யாரும் கூடுதல் சம்பளம் தருவதில்லை. பன்னேர்கட்டா ரோட்டில் இருக்கும் ஐ.ஐ.எம். பெங்களூரையோ, ஓசூர் ரோட்டுக் கிறிஸ்து பல்கலைக்கழகத்தையோ தெரிந்த மேலாளருக்கு, கேள்விப்படாத ஊரின் கேள்விப்படாத கல்லூரி எடுபடாது. இதைப் பெற்றோர் மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும்.

நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்

படிப்பு முடிந்த பிறகு அந்த நாட்டில் எத்தனை மாதம் வேலை பார்க்கலாம் என்பதுதான் வணிகப் படிப்பின் மதிப்பில் பாதி. இந்த விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசின் இணையதளத்தில் மறுபடி பார்க்கவேண்டும்.

கனடாவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பல ஆண்டுகளாக நம் பிள்ளைகள் அங்கே கல்லூரிகளில் ஓராண்டு, ஈராண்டு "பிசினஸ் மேனேஜ்மென்ட்" டிப்ளமா படித்து, அதை வைத்து வேலை அனுமதி வாங்கினார்கள். 2024 நவம்பர் 1 முதல் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிட்டது. கல்லூரி டிப்ளமாக்களில் மருத்துவப் பணி, விவசாயம், அறிவியல் தொழில்நுட்பம், கைத்தொழில், போக்குவரத்து போன்ற குறிப்பிட்ட துறைகளுக்கே வேலை அனுமதி. பொது வணிகம் அந்தப் பட்டியலில் இல்லை. பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புகளுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு கிடையாது. முதுநிலைப் பட்டம் பெற்றவர் மூன்றாண்டு அனுமதி பெறலாம். "கனடா, பிசினஸ், சீட் ரெடி" என்று யாராவது சொன்னால், கல்லூரி டிப்ளமாவா பல்கலைக்கழகப் பட்டமா என்று முதலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இங்கிலாந்தில் முதுநிலைப் படிப்பு ஓராண்டில் முடிந்துவிடுவது வசதி. படிப்புக்குப் பின் இரண்டாண்டு தங்கி வேலை தேடலாம் என்றிருந்ததை, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைத்திருக்கிறார்கள். அதன்பிறகு நீடிக்க நிறுவனமே விசாவுக்கு ஆதரவு தரவேண்டும். அதற்கான சம்பள வரம்பும் 2025 ஜூலையில் பொதுவாக 41,700 பவுண்டாக ஏறிவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவருக்குச் சில சலுகைகள் உண்டு என்றாலும் எளிதல்ல. ஓராண்டுப் படிப்பில் செப்டம்பரில் சேர்ந்தால் பெரிய நிறுவனங்களின் ஆள்தேர்வு அக்டோபரிலேயே நடக்கும். ஊர் தெரிந்து, குளிர் பழகி, கிறிஸ்துமஸ் முடிந்து வேலை தேடத் தொடங்குகிறவர் ஓராண்டு பின்தங்கிவிடுவார். இங்கிலாந்து போகிறவர் ரெஸ்யூமேயை நீலசந்திராவிலேயே முடித்துக்கொண்டு போகட்டும்.

அமெரிக்காவில் படிப்புக்குப் பின் ஓராண்டு வேலை அனுமதி. அறிவியல் தொழில்நுட்பப் பிரிவில் சேர்க்கப்பட்ட படிப்பென்றால் இன்னும் 24 மாதம், மொத்தம் மூன்றாண்டு. வணிகப் பகுப்பாய்வு, மேலாண்மை அறிவியல் போன்ற படிப்புகளையும் சில எம்.பி.ஏ.க்களையும் பல பல்கலைக்கழகங்கள் இந்தப் பிரிவில் பதிந்திருக்கின்றன. ஒரே ஊரில் ஒரே கட்டணத்தில் இரண்டு படிப்புகள் இருந்தால் இந்த ஒரு விவரமே முடிவைத் தீர்மானிக்கும். அதன்பிறகு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல்: ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000. 2025 செப்டம்பரில், நாட்டுக்கு வெளியே இருப்பவரைப் புதிதாக எச்-1பியில் எடுக்கும் நிறுவனத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவை நம்பிக் கடன் வாங்குகிறவர், மூன்றாண்டில் திரும்ப நேர்ந்தால் தவணை எப்படிக் கட்டுவேன் என்ற கணக்கையும் சேர்த்துப் போடவேண்டும்.

ஜெர்மனியை நம் வட்டாரத்தில் இன்னும் போதுமான பேர் கவனிக்கவில்லை. எனக்கு இது வருத்தமான விஷயம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் வெளிநாட்டவருக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. வாழ்க்கைச் செலவுக்காக ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டவேண்டும். அது நம் பணம்தான், மாதாமாதம் நமக்கே வரும். இந்திய மாணவர்கள் தங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்கவேண்டும். படித்து முடித்தபின் 18 மாதம் வேலை தேடலாம். தடை மொழிதான். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும், வணிகத் துறை வேலைகளுக்கு ஜெர்மன் பேசத் தெரிந்தவரையே விரும்பி எடுக்கிறார்கள். இந்திரா நகரில் ஜெர்மன் கற்பிக்கும் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. இங்கே வேலை பார்த்துக்கொண்டே இரண்டாண்டு ஜெர்மன் படித்துவிட்டுப் போகிறவருக்கு, திரும்பி வந்தால்கூட ஆடுகோடி பாஷிலிருந்து தொடங்கிப் பெங்களூரின் எத்தனையோ ஜெர்மன் நிறுவனங்களில் தனி மதிப்பு இருக்கும். தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் என்று நான்கு மொழிக்கு நடுவில் வளரும் நீலசந்திராப் பிள்ளைக்கு ஐந்தாவது மொழி பயப்படவேண்டிய விஷயமே இல்லை.

பணம்

வங்கி மேலாளர் முன் உட்காரும் முன்பு வீட்டில் ஒரு தாளில் இதை எழுதுங்கள். 40 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 55,100 ரூபாய். படிக்கும் காலத்தில் தவணை கட்டவேண்டாம் என்பார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், முழுத் தொகையும் வாங்கியிருந்தால் ஆண்டுக்கு 4,40,000 ரூபாய். திரும்பி வந்து பெங்களூரில் கையில் 70,000 சம்பளம் என்றால், தவணை போக 15,000கூட நிற்காது. தங்கை கல்யாணமும் அப்பாவின் மருந்துச் செலவும் இந்தத் தாளில் இல்லை. ஆகவே இதே தாளில் இரண்டாவது கணக்காக, படிப்பு முடிந்து ஆறு மாதம் வேலை கிடைக்காவிட்டால் என்ன என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது கணக்கு வீட்டை விற்பதில் போய் முடிந்தால் அந்தப் படிப்பு இப்போது வேண்டாம்.

வங்கிகள் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் சொத்து ஈடு கேட்கும். பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டம் இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டுக்கு அதைச் சொல்லி யாராவது படிவம் நிரப்பச் சொன்னால் நம்பாதீர்கள். வட்டிக்கு வருமான வரியில் எட்டாண்டு வரை கழிவு உண்டு, பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும். வங்கிக் கடனிலிருந்து நேரடியாக அனுப்பும் கல்விக் கட்டணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டி.சி.எஸ். வரி பிடிப்பதில்லை.

உதவித்தொகையில் நம் ஏரியாவுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் வேலூர், ஆம்பூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம். சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் எந்த மாநிலத்தில் வாங்கியவை என்பதைப் பொறுத்தே எந்த அரசின் திட்டம் என்பது முடிவாகும். கர்நாடகச் சான்றிதழ் உள்ள எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குச் சமூக நலத்துறையின் பிரபுத்தா திட்டம் உண்டு. தமிழ்நாட்டுச் சான்றிதழ் உள்ள ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரிலான வெளிநாட்டுப் படிப்புத் திட்டம். ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள் இருக்கவேண்டும். சிறுபான்மைச் சமூக மாணவர்கள் கர்நாடகச் சிறுபான்மையினர் மேம்பாட்டுக் கழகத்தின் வெளிநாட்டுக் கல்விக் கடனை விசாரிக்கலாம். "படோ பர்தேஷ்" வட்டி மானியத்தைப் பழைய புத்தகங்களில் பார்த்துவிட்டு அலையவேண்டாம். அது 2022இல் நிறுத்தப்பட்டது. சான்றிதழ்களில் அப்பா பெயரின் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். ஆதாரில் ஒன்று, மாற்றுச் சான்றிதழில் ஒன்று என்றிருந்தால் திருத்தவே மாதக்கணக்கில் ஆகும்.

எல்லாச் சமூகத்தவருக்கும் பொதுவானவற்றில் ஜே.என். டாட்டா அறக்கட்டளை 1892இல் தொடங்கியது. குறைந்த செலவில் கடன் உதவித்தொகை தருகிறது. இங்கிலாந்து அரசின் செவனிங், ஓராண்டு முதுநிலைப் படிப்பின் முழுச் செலவையும் ஏற்கிறது. அதற்குக் குறைந்தது 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். முடித்தபின் இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்கவேண்டும். முதலில் இங்கே வேலை என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்: அனுபவம் உள்ளவருக்கே பெரிய உதவித்தொகைகள் திறக்கின்றன.

திரும்பி வருகிறவருக்கு

தனியார் நிறுவனத்துக்கு உங்கள் பட்டமே போதும். அரசு வேலை, கல்லூரி ஆசிரியர் பணி, பிஎச்.டி. என்று போனால் பட்டத்துக்கு இணைச் சான்று வேண்டியிருக்கும். இங்கிலாந்தின் ஓராண்டு முதுநிலைப் பட்டத்துக்கு முன்பு இங்கே சிக்கல் இருந்தது. 2022 ஜூலையில் இரு நாடுகளும் செய்த உடன்பாட்டால் அது தீர்ந்தது. 2025 ஏப்ரலில் யு.ஜி.சி.யும் இணைச் சான்றுக்கான புதிய விதிகளை வெளியிட்டது. பட்டம், மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம் மூன்றையும் கையோடு வாங்கி வாருங்கள். பாடத்திட்டத்தை எல்லோரும் மறக்கிறார்கள். ஐந்தாண்டு கழித்து அதைக் கடல் தாண்டிக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

திரும்புவதைத் தோல்வியாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. "ஏன்பா வந்துட்டே, விசா கிடைக்கலையா?" என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்பதற்குப் பயந்து, வெளிநாட்டில் படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையில் ஐந்தாறு ஆண்டு கிடந்தவர்கள் உண்டு. கணக்குத் துறையில் படித்தவருக்கு அங்கே கிடங்கில் மூட்டை தூக்கும் வேலையும், இங்கே ஒரு ஜி.சி.சி.யில் தன் துறை வேலையும் கிடைக்கிற நிலை வந்தால் இங்கே வருவதே சரி. துறையை விட்டு விலகிய ஆண்டுகளைப் பின்னால் ஈடுகட்டுவது மிகக் கடினம். நாடு மாறுவது அவ்வளவு கடினமல்ல. பெங்களூரில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் நிலைத்தவரை அதே நிறுவனம் லண்டனுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ மாற்றுவது சாதாரணமாக நடக்கிறது, அதுவும் விசாச் செலவு அவர்களுடையது.

போகாமலே படிக்கும் வழியும் வருகிறது. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகம் வணிக மேலாண்மை, கணக்கியல், நிதி உள்ளிட்ட படிப்புகளோடு 2026 ஆகஸ்டில் பெங்களூரில் வளாகம் தொடங்குவதாக அறிவித்தது. பட்டத்தின் பெயர் கிடைக்கும். அந்த ஊரின் வேலைச் சந்தையும் வேற்று நாட்டு வகுப்புத் தோழர்களும் அதே அளவில் கிடைப்பார்கள் என்று எதிர்பார்க்கமுடியாது. கட்டணத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டும் முன், அதே படிப்பை இரண்டு மூன்று ஆண்டுக்கு முன் முடித்த இந்திய மாணவர்கள் மூன்று பேரை லிங்க்டினில் தேடிப் பிடித்துப் பேசுங்கள். கன்சல்டன்சி அறிமுகப்படுத்தும் ஆட்கள் வேண்டாம், நீங்களே தேடுங்கள். இப்போது என்ன வேலை, அதைப் பெற எத்தனை மாதம் ஆனது, கடன் எவ்வளவு மிச்சம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பெரும்பாலோர் மனம்விட்டுச் சொல்வார்கள். மூன்று பேரும் கிடைக்கும்வரை பணம் கட்டாதீர்கள். இந்தப் பருவச் சேர்க்கை போனால் அடுத்த பருவம் இருக்கிறது.